கரையை உயர்த்துவதா, ஆற்றுக்கு இடம் விடுவதா? வெள்ளச் சேதத்தைக் குறைக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

ஆற்றை ஒட்டிய ஊர் ஒன்று பெருவெள்ளத்தில் மூழ்கி எழுந்த சில மாதங்களில், அதன் நிர்வாகத்தின் முன் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. அடுத்த முறை இவ்வளவு இழக்காமல் இருக்க எதில் பணத்தைப் போடுவது? கரையை உயர்த்தலாம். மேலே ஓர் அணையோ தேக்கமோ கட்டலாம். ஆறு பரவுவதற்கென்று நிலத்தை வாங்கி விட்டுவைக்கலாம். தாழ்ந்த நிலத்தில் இனிக் கட்டடம் கூடாது என்று விதி செய்யலாம். இருக்கும் வீடுகளை உயர்த்தலாம், அல்லது மக்களையே மேட்டுக்கு மாற்றலாம். ஒவ்வொரு வழிக்கும் ஆதரவாளர்கள் உண்டு. ஒவ்வொன்றும் உலகில் எங்காவது பலன் தந்திருக்கிறது. ஆனால் எதை முதலில் செய்கிறோம் என்பதைப் பொறுத்து மற்றவற்றின் செலவு ஏறவும் இறங்கவும் செய்கிறது. இன்னும் காலியாக இருக்கும் வெள்ளச் சமவெளியைக் காலியாகவே வைத்திருக்கும் முடிவைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்பதும், மற்ற வழிகளை நேர்மையாக ஒப்பிடுவது அதன் பிறகே முடியும் என்பதும் என் கருத்து. அதற்கான காரணங்களைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

வெள்ளச் சமவெளி என்பது ஆறு தன் வண்டலைக் கொட்டித் தானே உண்டாக்கிய தரை. ஆற்றின் கால்வாய்க்குள் அடங்காத நீரை நிறுத்தி வைத்து மெதுவாக இறக்கிவிடும் வேலையை அது இன்றும் செய்துகொண்டிருக்கிறது. அங்கே வீடுகளும் சாலை மேடுகளும் எழும்போது சேதமாகக் கூடிய பொருள்கள் நீரின் பாதையில் வந்து அமர்கின்றன. கூடவே, நீர் நிற்கும் இடம் குறைவதால் அந்த நீர் எதிர்க்கரைக்கும் கீழே உள்ள ஊருக்கும் தள்ளப்படுகிறது. மழையின் அளவு மாறாமலேயே சேதத்தின் அளவு ஏறுவது இப்படித்தான். கில்பர்ட் ஒயிட் என்ற அமெரிக்கப் புவியியலாளர் 1940களிலேயே இதை வற்புறுத்தினார். 1936ஆம் ஆண்டின் வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்கா அணைகளிலும் கரைகளிலும் பெரும்பணம் செலவிட்டும் வெள்ள இழப்பு குறையவில்லை என்பதை, 1950களின் இறுதியில் அவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து காட்டினார்கள். பாதுகாப்பு வந்துவிட்டது என்ற நம்பிக்கையில் தாழ்நிலத்தில் குடியிருப்புகள் பெருகியது அதற்கு முக்கியமான காரணம்.

எந்த வழியை எடைபோடும்போதும் ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. 'நூறாண்டு வெள்ளம்' என்ற சொல் பலரை ஏமாற்றிவிடுகிறது. ஒருமுறை வந்துவிட்டால் இனி நம் காலத்தில் வராது என்று பலர் அதற்குப் பொருள் கொள்கிறார்கள். எந்த ஓர் ஆண்டிலும் அந்த மட்டத்தை நீர் எட்டவோ தாண்டவோ 1 சதவீத வாய்ப்பு உண்டு என்பதே அதன் சரியான பொருள். அந்த வெள்ளம் எட்டும் எல்லைக்கோட்டின் விளிம்பில் 30 ஆண்டுக் கடன் வாங்கி ஒருவர் வீடு கட்டினால், கடன் அடைவதற்குள் ஒருமுறையாவது நீர் வாசலை எட்ட 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது; நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல். கோட்டுக்கு உள்ளே, ஆற்றை நெருங்க நெருங்க, இது வேகமாக ஏறும். அந்த 1 சதவீதமும் பழைய அளவீடுகளிலிருந்து வந்ததுதான். மேல்நிலத்தில் காடு அழிந்து, தரை சிமெண்டால் மூடப்பட்டு, மழையின் போக்கும் மாறிவரும் இடங்களில் நேற்றைய நூறாண்டு வெள்ளம் இன்று அதைவிட அடிக்கடி வரும்.

கரையும் அணையும்

வெள்ளம் வடிந்ததும் மக்கள் முதலில் கேட்பது கரையைத்தான். அந்தக் கோரிக்கையைக் குறைத்து மதிப்பிடுவது சரியாகாது. பல தலைமுறைகளாக ஆற்றோரத்தில் நெருங்கி வளர்ந்துவிட்ட ஒரு நகரின் நடுப்பகுதியை, அதன் கடைத்தெருவையும் மருத்துவமனையையும் ஆயிரக்கணக்கான வீடுகளையும், வேறு எந்த வழியாலும் சில ஆண்டுகளுக்குள் காத்துவிட முடியாது. யாரும் இடம் மாற வேண்டியதில்லை, யாருடைய நிலத்தின் விலையும் விழுவதில்லை என்பதால் எதிர்ப்பும் குறைவு. ஆனால் கரைக்கு ஒரு குணம் உண்டு. வடிவமைத்த மட்டம் வரை அது முழுமையாகக் காக்கும். அதைத் தாண்டினாலோ உடைந்தாலோ, காப்பே இல்லாத ஊரில் படிப்படியாக ஏறியிருக்கக்கூடிய நீர், ஒரே நாழிகையில் சுவர்போல உள்ளே வரும்.

கரை மேலே வழிந்துதான் உடையும் என்று பொதுவாக நினைக்கிறோம். அடியிலிருந்தும் உடையும். ஆறு உயர்ந்து நிற்கும் இரவில், கரையின் ஊர்ப்பக்கத்து அடிவாரத்தில், புல்லுக்கு நடுவே சிறிய ஊற்று ஒன்று குமிழியிடத் தொடங்கும். தெளிந்த நீராக வந்தால் கவலை குறைவு. அது கலங்கி, மணலைக் கக்கி, தன் வாயைச் சுற்றி எறும்புப் புற்றுப்போல் கூம்பாகக் குவிக்கத் தொடங்கினால், கரையைத் தாங்கும் மண் துகள் துகளாக அடியிலிருந்து வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். விவரம் தெரிந்தவர்கள் அந்த வாயை அடைப்பதில்லை. அடைத்தால் அழுத்தம் வேறோர் இடத்தில் வெடித்துக்கொண்டு கிளம்பும். கிணற்றுக்கு உறை இறக்குவதுபோல் சுற்றிலும் மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே நீரை உயரவிடுவார்கள். உயர்ந்து நின்ற நீரின் எடை கீழிருந்து வரும் அழுத்தத்தை எதிர்க்கும். பிறகு நீர் வரும், மணல் வராது. கிலோமீட்டர் கணக்கில் நீளும் கரையில் இப்படியொரு வாயைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு வெள்ளத்தின்போதும் இரவு பகலாக ஆட்கள் விளக்குடன் நடக்க வேண்டும். கரையின் மதிப்பீட்டை எழுதும்போது இந்தக் காவலுக்கும், மரவேர்களை அகற்றுவதற்கும், எலி வளைகளை அடைப்பதற்கும், மதகுகளைப் பழுது பார்ப்பதற்கும் ஆண்டுதோறும் ஆகும் செலவு விடுபட்டுப் போகிறது. கட்டி முடித்த அன்று இருக்கும் உறுதி, கவனிக்க ஆளில்லாத கரையில் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு இருக்காது.

நியூ ஆர்லியன்ஸ் நகரம் 2005இல் கத்ரீனா சூறாவளியின்போது ஏறத்தாழ 80 சதவீதம் மூழ்கியது. சில கால்வாய்ச் சுவர்கள் தங்கள் வடிவமைப்பு மட்டத்தை நீர் எட்டுவதற்கு முன்பே சாய்ந்தன. மூழ்கிய பகுதிகளில் பல, பாதுகாப்பை நம்பிப் பிற்காலத்தில் கட்டப்பட்ட தாழ்நிலக் குடியிருப்புகள். கரை சிறு வெள்ளங்களை நிறுத்தியதால் அச்சம் மறைந்தது. அச்சம் மறைந்ததால் முதலீடு குவிந்தது. கடைசியில் கரை விட்டுக்கொடுத்தபோது, கரையே இல்லாதிருந்தால் அங்கே இருந்திருக்கவே முடியாத சொத்துகள் அழிந்தன. ஆகவே கரை கட்டும் முடிவு எடுக்கும்போது, கரைக்குப் பின்னால் இருக்கும் காலி நிலத்தில் என்ன வரும் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் கரையின் நன்மையைக் கணக்கிட்ட தாளுக்கு மதிப்பில்லை.

அணையைப் பொறுத்தவரை சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் பெரும்பாலான ஊர்களின் கையில் அந்த முடிவு இருப்பதில்லை. வெள்ளத்தைத் தாங்க அணை காலியாக இருக்க வேண்டும். குடிநீருக்கும் பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் நிரம்பியிருக்க வேண்டும். ஒரே அணையிடம் இரண்டையும் கேட்கும்போது மழைக்காலத்தின் நடுவில் கதவைத் திறப்பதா, பொறுப்பதா என்ற கடினமான முடிவு பொறியாளரின் தலையில் விழுகிறது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரம் 1974 வெள்ளத்துக்குப் பிறகு வைவென்ஹோ அணை வந்ததும் இனிப் பயமில்லை என்று நம்பியது. 2011 ஜனவரியில் அந்நகரம் மீண்டும் மூழ்கியது. அணை வெள்ளத்தின் உச்சியைக் குறைத்தது உண்மை. ஆனால் குறைப்பதையும் ஒழிப்பதையும் மக்கள் ஒன்றாக எண்ணிவிட்டார்கள்.

நகரத்துக்குள்ளேயோ அருகிலோ அமையும் பக்கவாட்டுத் தேக்கங்கள் இதைவிடக் கைக்கு எட்டும் வழி. இவற்றின் நுணுக்கம் நுழைவாயிலின் உயரத்தில் இருக்கிறது. வாயில் மிகத் தாழ்வாக இருந்தால், வெள்ளம் ஏறத் தொடங்கும்போதே தேக்கம் நிரம்பி, உச்சி வரும் நேரத்தில் இடமில்லாமல் போகும். சரியான உயரத்தில் வைத்தால் உச்சியின் தலையை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும். ஜப்பானின் யோகோஹாமாவில் சுருமி ஆற்றோரத்தில் இப்படியொரு தேக்கப் பகுதி 2003 முதல் செயல்படுகிறது. சுமார் 39 லட்சம் கனமீட்டர் நீரை ஏற்கும் அந்தத் தாழ்நிலத்துக்குள் ஒரு பெரிய விளையாட்டரங்கமே தூண்களின் மேல் நிற்கிறது. 2019 அக்டோபரில் ஹகிபிஸ் சூறாவளி வந்தபோது அரங்கத்தின் அடியிலும் சுற்றிலும் வெள்ளநீர் தேங்கி நின்றது. மறுநாள் மாலை அங்கே உலகக் கோப்பை ரக்பி ஆட்டம் நடந்தது. நிலத்தைப் பயன்படுத்துவதும் ஆற்றுக்கு விடுவதும் ஒன்றுக்கொன்று பகை என்று சொல்பவர்களுக்கு இது நல்ல பதில்.

ஆற்றுக்கு இடம் விடுதல்

நெதர்லாந்து நாட்டவரைவிடக் கரையை நம்பி வாழ்பவர்கள் உலகில் இல்லை. அவர்களே 1995இல் ஆறுகள் பெருகியபோது சுமார் 2,50,000 மக்களை வெளியேற்ற நேர்ந்த பிறகு, இன்னும் இன்னும் உயர்த்திக்கொண்டே போக முடியாது என்ற முடிவுக்கு வந்தார்கள். கரை உயர உயர, உடைந்தால் வரும் நீரின் ஆழமும் உயரும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதன்பின் வந்த 'ஆற்றுக்கு இடம்' என்ற திட்டத்தில் சுமார் 230 கோடி யூரோ செலவில் 30க்கும் மேற்பட்ட இடங்களில் கரைகளைப் பின்னுக்கு நகர்த்தினார்கள், பக்கக் கால்வாய்கள் வெட்டினார்கள், தாழ்நிலங்களை மீண்டும் ஆற்றுக்குத் திறந்துவிட்டார்கள். ரைன் ஆறு விநாடிக்கு 15,000 கனமீட்டருக்குப் பதிலாக 16,000 கனமீட்டர் நீரைப் பாதுகாப்பாகக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது இலக்கு. நைமேகன் நகரில் வால் ஆற்றின் கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளினார்கள். அதற்காகச் சுமார் 50 வீடுகள் இடிக்கப்பட்டன. அந்த மக்களின் வருத்தத்தை மறைத்துவிட்டு இத்திட்டத்தைப் புகழ்வது நேர்மையாக இருக்காது.

இத்திட்டத்தில் என்னை மிகவும் ஈர்த்தது ஓவர்டீப்ஸ என்ற சிறிய தாழ்நிலம். அங்கே கால்நடை வளர்த்துவந்த விவசாயிகள், தங்கள் நிலத்தை வெள்ளத்துக்குத் திறக்கப் போகிறார்கள் என்று அறிந்ததும், எதிர்த்து வழக்குப் போடாமல் தாங்களே ஒரு மாற்றைக் கொண்டுவந்தார்கள். கரையோரமாக உயரமான மண்மேடுகள் எழுப்பி, வீட்டையும் தொழுவத்தையும் அவற்றின் மேல் கட்டிக்கொள்கிறோம். கீழே உள்ள மேய்ச்சல் நிலத்தில் சுமார் 25 ஆண்டுக்கு ஒருமுறை நீர் வந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள். எல்லோருக்கும் அங்கே இடம் கிடைக்கவில்லை. சிலர் வேறு ஊர்களுக்குப் போனார்கள். ஆனாலும் வெள்ளச் சமவெளியில் விவசாயம் தொடரலாம், மனிதரும் மாடும் மூழ்க வேண்டியதில்லை என்பதை அந்த மேடுகள் காட்டுகின்றன.

இந்த வழியின் இன்னொரு வடிவம், ஏற்கெனவே நீரைத் தாங்கிக்கொண்டிருக்கும் நிலத்தை அப்படியே காப்பாற்றுவது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சார்லஸ் ஆற்றுக்கு மேல்பகுதியில் அணை கட்டலாமா என்று ராணுவப் பொறியாளர் படை ஆராய்ந்தபோது, அங்குள்ள சதுப்பு நிலங்களே வெள்ளத்தை வாங்கிப் பல நாள்கள் வைத்திருந்து விடுவதைக் கண்டது. அணையை விட்டுவிட்டு, 1977 முதல் 1983 வரை 17 சதுப்பு நிலப் பகுதிகளில் சுமார் 8,100 ஏக்கரை விலைக்கு வாங்கியோ உரிமை பெற்றோ காத்தது. அணைகள் கட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஓர் அமைப்பு இந்த முடிவுக்கு வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே வீடுகள் வந்த பிறகு இதே யோசனை எழுந்திருந்தால் செலவு பல மடங்காகியிருக்கும். ஒருவேளை முடியாமலே போயிருக்கும்.

இடம் விடுவதிலும் கடினமான ஓர் உண்மை உண்டு. யாரோ ஒருவருடைய நிலம் மற்றவருக்காக மூழ்குகிறது. 1927 பெருவெள்ளத்துக்குப் பிறகு மிசிசிப்பி ஆற்றோரத்தில் பேர்ட்ஸ் பாயிண்ட் - நியூ மாட்ரிட் என்ற பகுதி அவசரகால வெள்ளப் பாதையாக ஒதுக்கப்பட்டது. 2011 மே 2ஆம் தேதி, கைரோ என்ற ஊரையும் பிற கரைகளையும் காக்க, அதன் கரையை வெடிவைத்துத் திறந்தார்கள். சுமார் 1,30,000 ஏக்கர் விளைநிலம் நீரில் போனது. நிலத்தை மூழ்கடிக்கும் உரிமை பல பத்தாண்டுகளுக்கு முன்பே விலை கொடுத்துப் பெறப்பட்டிருந்தது. ஆனாலும் இடையில் அங்கே வீடுகள் கட்ட விட்டிருந்தார்கள். கடைசி நிமிடம் வரை வழக்கும் வாக்குவாதமும் நடந்ததற்கு அதுவே பெரும் காரணம். ஒதுக்கிய நிலத்தை ஒதுக்கியபடி காப்பது, ஒதுக்குவதைப் போலவே முக்கியம்.

கட்ட விடாமல் இருத்தல்

1954 அக்டோபர் 15ஆம் தேதி இரவு ஹேசல் சூறாவளி கனடாவின் டொரண்டோ நகரைத் தாக்கியது. ஹம்பர் ஆற்றின் வளைவில் இருந்த ரேமோர் டிரைவ் என்ற தெருவில் மக்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். ஆறு முன்பும் பெருகியிருக்கிறது, வடிந்துவிடும் என்று நம்பினார்கள். அருகிலிருந்த நடைபாலம் ஒருபக்கம் பிடி விட்டு ஆற்றுக்குள் திரும்பி, நீரைத் தெருப்பக்கம் செலுத்தியது. வீடுகள் அடித்தளத்தோடு பெயர்ந்து போயின. அந்த ஒரு தெருவில் மட்டும் 35 பேர் இறந்தார்கள். கனடாவில் மொத்தம் 81 பேர். அதன் பிறகு அந்தத் தெருவை மீண்டும் கட்டவில்லை. ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் நிலத்தை அரசு அமைப்புகள் வாங்கிப் பூங்காக்களாக்கின. வெள்ளச் சமவெளியில் வீடு கட்டுவது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. தெற்கு ஒன்டாரியோவின் பெரும்பகுதியில் இன்றும் வெள்ள எல்லையை வரைவதற்கு அளவுகோலாக இருப்பது, ஹேசல் மழை அந்தந்த ஆற்றுப்படுகையில் பெய்தால் நீர் எவ்வளவு வரும் என்ற கணக்குதான். ரேமோர் டிரைவின் வீடுகள் இருந்த நிலத்தில் இன்று மரங்களும் புல்வெளியும் இருக்கின்றன. ஆறு பெருகும் நாளில் அங்கே நீர் நிற்கிறது. சேதக் கணக்கு எழுத எதுவும் இல்லை.

நிலப் பயன்பாட்டுத் திட்டம் என்பதன் முழு வலிமையும் இதுதான். வராத வீட்டைக் காக்கச் செலவில்லை. மற்ற வழிகளெல்லாம் ஆண்டுதோறும் பராமரிப்புக் கேட்கின்றன. காலி நிலம் கேட்பது கண்காணிப்பு மட்டுமே. அதோடு, இதை மட்டும்தான் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ள முடியும். இன்று காலியாக விட்ட நிலத்தில் நாளை தேவையென்றால் கட்டலாம். இன்று கட்டிவிட்ட நிலத்தை நாளை காலி செய்வது ஒரு தலைமுறையின் போராட்டம்.

எளிதான வழியாக இது தோன்றலாம். நடைமுறையில் மிகவும் எதிர்க்கப்படும் வழி இதுவே. ஆற்றோர நிலம் சமமானது, மலிவானது, சாலைக்குப் பக்கத்தில் இருப்பது. அதை வாங்கி வைத்தவர்கள் விதி வருவதற்கு முன் கட்டிவிடத் துடிப்பார்கள். இந்தியாவில் வெள்ளச் சமவெளிகளை மண்டலங்களாகப் பிரிப்பதற்கான மாதிரி மசோதாவை மத்திய அரசு 1975இலேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. மிகச் சில மாநிலங்களே அதைச் சட்டமாக்கின. எதிர்ப்பில் நியாயமும் உண்டு. தன் ஒரே சொத்தாக ஒரு துண்டு நிலத்தை வைத்திருக்கும் குடும்பத்திடம் இதில் எதுவும் கட்டக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்வது அநீதி. விளைச்சலுக்கோ மேய்ச்சலுக்கோ விளையாட்டுத் திடலுக்கோ பயன்படுத்தும் உரிமையை விட்டுவைப்பது, மேட்டு நிலத்தில் கூடுதல் மாடி கட்டும் உரிமையை ஈடாகத் தருவது, மிகத் தாழ்ந்த நிலத்தை நியாய விலைக்கு வாங்கிக்கொள்வது ஆகியவற்றைச் சேர்த்துக் கொண்டுவந்தால்தான் விதி நிற்கும்.

மண்டலங்களை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் பல திட்டங்கள் தோற்கின்றன. வெள்ளம் வேகமாக ஓடும் நடுப்பாதை வேறு, ஓரங்களில் மெதுவாகத் தேங்கி நிற்கும் பகுதி வேறு. முதலாவதில் எதுவும் கூடாது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. இரண்டாவதில் மேடு போட்டுக் கட்டிக்கொள்ளலாம் என்று பல நாடுகளின் விதிகள் அனுமதிக்கின்றன. அமெரிக்காவில் 1968இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தின் குறைந்தபட்ச விதி, ஓரப்பகுதி முழுவதும் மேடாக்கப்பட்டாலும் நீர்மட்டம் 1 அடிக்கு மேல் உயராதபடி நடுப்பாதையின் அகலத்தை வரையறுக்கிறது. இதைத் திருப்பிப் பார்த்தால், எதிர்காலத்தில் 1 அடி வரை நீர் உயர்வதை விதியே ஏற்றுக்கொள்கிறது என்றாகிறது. மனைக்கு மனை போடும் மண், தனித்தனியே பார்த்தால் அற்பம். எல்லாம் சேர்ந்தால் முன்பு நனையாத வீட்டின் திண்ணையில் நீர் ஏறுகிறது. ஆகவே மேடு போட அனுமதிக்கும் இடத்தில், போடும் மண்ணின் கனஅளவுக்குச் சமமாக அருகிலேயே வெட்டி எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல் எந்த ஊரும் விதி எழுதக்கூடாது. மருத்துவமனை, மின் துணைநிலையம், தீயணைப்பு நிலையம் போன்றவற்றுக்கு 1 சதவீத அளவும் போதாது, ஆண்டுக்கு 0.2 சதவீத வாய்ப்புள்ள வெள்ளமும் தொடாத இடம் அவற்றுக்கு வேண்டும்.

ஏற்கெனவே இருக்கும் வீடுகள்

தலைக்கு மேல் போன வெள்ளம் சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன என்பது பழமொழி. வெள்ளச் சேதத்தைக் கணக்கிடும்போது சாணும் முழமும்தான் எல்லாம். நீர் தரையைத் தொட்டு ஒரு சாண் ஏறினால் கோரைப்பாயும், பெட்டியின் அடியும் கதவின் கீழ்ச்சட்டமும் போகும். ஒரு முழம் ஏறினால் மெத்தையும் குளிர்சாதனப் பெட்டியின் மோட்டாரும் போகும். தாழ்வாக வைத்த மின் இணைப்புகள் மூழ்கும். இடுப்பளவு வந்தால் அலமாரியில் இருந்த பத்திரங்களும் பள்ளிச் சான்றிதழ்களும் கூழாகும். அதனால்தான் வீட்டுத் தரையை எதிர்பார்க்கும் மட்டத்துக்கு மேல் இன்னும் ஓர் அடியோ இரண்டடியோ உயர்த்திக் கட்டச் சொல்லும் விதி, கட்டும்போது சிறு செலவாகவும் பிற்பாடு பெரும் சேமிப்பாகவும் அமைகிறது.

கட்டி முடித்த வீட்டை நீர் புகாமல் மூடிவிடலாம் என்ற யோசனையில் ஓர் ஆபத்து இருக்கிறது. வெளியே 1 மீட்டர் நீர் நின்று உள்ளே காய்ந்திருந்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் ஏறத்தாழ 500 கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை விழுகிறது. நீர் 2 மீட்டரானால் விசை இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகி 2,000 கிலோவை எட்டுகிறது. சாதாரணச் செங்கல் சுவர் இதைத் தாங்காது. வீடு நனைந்து போவதற்குப் பதிலாக இடிந்து விழும். ஆகவே 1 மீட்டருக்குக் குறைவாக, மெதுவாக நிற்கும் நீருக்கே கதவுத் தடுப்பும் பூச்சும் உதவும். அதற்கு மேல் போகும் இடங்களில் கீழ்த்தளத்துக்குள் நீரை விட்டு, இரு பக்க அழுத்தத்தையும் சமமாக்கி, மின் இணைப்பையும் பொருள்களையும் மேலே வைத்து, கழுவினால் காய்ந்துவிடும் தளமும் சுவரும் அமைப்பதே உயிருக்கும் வீட்டுக்கும் நல்லது. நீர் வேகமாக ஓடும் இடத்தில் இரண்டுமே பயன்படாது. அங்கே பேச வேண்டியது இடமாற்றத்தைப் பற்றி.

இடமாற்றம் என்ற சொல்லே பலருக்கு வெளியேற்றமாக ஒலிக்கிறது. அப்படி ஒலிக்கும்படி அது பல இடங்களில் நடத்தப்பட்டிருக்கிறது. நன்றாக நடந்த இடங்களைப் பார்த்தால் ஒற்றுமைகள் தெரிகின்றன. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் வால்மேயர் என்ற ஊர் 1993 மிசிசிப்பி வெள்ளத்தில் மூழ்கியபோது அங்கே சுமார் 900 பேர் இருந்தார்கள். அவர்கள் கூடிப் பேசி, சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள மேட்டில் பள்ளியும் தேவாலயமும் உட்பட ஊரையே புதிதாக அமைத்தார்கள்; அதற்குப் பல ஆண்டுகள் ஆயின, காத்திருக்க முடியாமல் பலர் வேறிடம் போனார்கள். ஆஸ்திரேலியாவின் கிரான்தம் ஊரில் 2011 ஜனவரி 10ஆம் தேதி திடீர் வெள்ளத்தில் 12 பேர் இறந்தார்கள். உள்ளூர் மன்றம் உடனே அருகிலிருந்த மேட்டு நிலத்தை வாங்கி, தாழ்நில மனைக்கு ஈடாக மேட்டு மனை என்ற நிலமாற்றுத் திட்டத்தை அறிவித்து, குலுக்கல் முறையில் மனைகளைப் பிரித்தது. அதே ஆண்டு டிசம்பருக்குள் முதல் குடும்பம் புது வீட்டில் குடியேறியது. மேடு கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. வேலையும் பள்ளியும் உறவும் அறுபடவில்லை. முடிவு துக்கம் ஆறுவதற்குள் வந்தது. இம்மூன்றும் இல்லாமல், இருபது கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் அடுக்குமாடியின் சாவியைக் கொடுத்தால், கூலி வேலையை நம்பியிருப்பவர்கள் சில மாதங்களில் ஆற்றோரத்துக்கே திரும்பி வருவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

தனித்தனியாக விருப்பமுள்ளவர்களின் வீட்டை மட்டும் வாங்குவது இன்னொரு முறை. ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரம் 1984 மே மாத வெள்ளத்தில் 14 பேரை இழந்த பிறகு இதைத் தீவிரமாகச் செய்தது. ஆண்டுகள் பலவற்றில் 900க்கும் மேற்பட்ட கட்டடங்களை வெள்ளப் பாதையிலிருந்து அகற்றியது. ஆனால் ஒரு தெருவில் நான்கு வீடு போய் ஆறு வீடு நின்றால், சாலையும் குழாயும் விளக்கும் ஆறு வீட்டுக்காகத் தொடர வேண்டும். நிலம் ஆற்றுக்கும் முழுதாகக் கிடைக்காது. வாடகைக்கு இருந்தவர்களுக்கு வீட்டு விலையில் பங்கில்லை என்பதால் அவர்களுக்கெனத் தனி உதவியும் எழுதப்பட வேண்டும். காப்பீட்டையும் முன்னெச்சரிக்கையையும் நான் இந்த ஒப்பீட்டில் தனி வழியாக வைக்கவில்லை. எச்சரிக்கை உயிரைக் காக்கும், வீட்டைக் காக்காது. காப்பீடு இழப்பைப் பலர் மேல் பரப்பும், குறைக்காது. இரண்டும் எல்லா ஊருக்கும் வேண்டியவை.

வரிசை

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகும் வரிசை இது. காலி நிலத்தின் மீதான தடை முதலில் வர வேண்டும், அதுவும் வரைபடம் முழுமையாகும் வரை காத்திராமல் இடைக்கால ஆணையாகவே. பிறகு, ஆழமும் வேகமும் சேர்ந்து உயிருக்கு ஆபத்தான இடங்களில் இருப்போரை, அவர்கள் ஒப்புதலோடும் ஊராகவும் மேட்டுக்கு மாற்றுவது. ஆழம் குறைந்து நீர் மெதுவாக நிற்கும் இடங்களில் வீட்டைத் தகவமைக்க மானியம் கொடுப்பது. கிடைத்த திறந்த நிலத்தைக் கொண்டு ஆற்றின் உச்சியைத் தணிப்பது. இவ்வளவுக்கும் பிறகு மீதமிருக்கும் ஆபத்து, நெருங்கிக் கட்டப்பட்ட பழைய நகரின் மேல் விழும். அதற்குக் கரை கட்டுவது நியாயம். அந்தக் கரையும் ஒருநாள் மீறப்படும் என்பதால், எந்த இடத்தில் வழிய வேண்டும், வழிந்த நீர் யாருக்கும் தீங்கில்லாமல் எங்கே போக வேண்டும் என்று முன்பே தாழ்த்தி அமைத்த ஒரு பகுதி அதில் இருக்க வேண்டும். இதே வழிகளைத் தலைகீழாக, கரையிலிருந்து தொடங்கினால், கரை முடியும் முன்பே தாழ்நிலத்தின் விலை ஏறி, மற்ற எல்லாமே கைக்கு எட்டாத விலைக்குப் போய்விடும்.

வெள்ளம் வடிந்த ஊரில் இதற்கான வேலை மிகச் சிறியதொன்றில் தொடங்குகிறது. நீர் எதுவரை நின்றது என்பது ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் பழுப்புநிறக் கோடாகப் பதிந்திருக்கும். அந்தக் கோட்டின் உயரத்தை வீடு வீடாக அளந்து, கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்ட எண்ணாக மாற்றிக் குறித்துக்கொண்டால், எந்த மாதிரிக் கணக்கையும்விட நம்பகமான வெள்ள வரைபடம் அந்த ஊருக்குக் கிடைக்கும். மண்டல எல்லையை எதிர்த்து வழக்கு வரும்போது நீதிமன்றத்தில் நிற்கும் சான்றும் அதுவே. ஆனால் மக்கள் வீடு திரும்பியதும் முதலில் செய்வது சுவரைக் கழுவி வெள்ளையடிப்பது. அளப்பவர்கள் அதற்கு முன் அங்கே போய்ச் சேர வேண்டும்.